கடல் கணக்குக்குச் சரியான தண்ணீர்

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் மகுடேஸ்வரனுக்கு எதையும் சும்மா வைத்திருக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் அதைப் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும். பிளக்காவிட்டால் அந்தப் பொருள் அவரைப் பொறுத்தவரை குப்பை. வேலம்பாளையத்தில் அவர் கட்டியிருந்த வீட்டின் கூடத்தில் ஏற்கெனவே ஆள் உயர வெண்கல யானை ஒன்றும், யாரும் வாசிக்காத பியானோ ஒன்றும் இருந்தன. கல்யாணமான முதல் ஆடிக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்த மருமகள் தமிழ்மதி, ஆவணி முதல் வெள்ளியன்று திரும்பி வந்தபோது, அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தொட்டி நின்றது. அதற்குள் ஒரு கடலாமை இடப்பக்கம் தூக்கிக்கொண்டு சாய்ந்து மிதந்தது.

அவள் கையில் இருந்த பையைக் கீழே வைக்கவில்லை.

"எப்படி கண்ணு நம்ம சர்ப்ரைஸு?" என்றார் மகுடேஸ்வரன். "மாட்டு டாக்டருக்கு மாட்டைக் காட்டுனா ஒரு மருவாதி இருக்குமா? அதனாலதான் கடல்ல இருந்தே எறக்கிட்டேன்."

தமிழ்மதி கால்நடை மருத்துவர். வேலம்பாளையத்திலேயே சின்னதாக ஒரு கிளினிக் வைத்து நாய்க்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிறாள். அதற்கு முன்னால் இரண்டு வருடம் ராமநாதபுரம் கடற்கரையில், வலையில் அடிபட்டு வரும் கடலாமைகளுக்கு வைத்தியம் செய்யும் ஒரு பராமரிப்பு மையத்தில் வேலை பார்த்திருக்கிறாள். புகுந்த வீட்டில் அதை ஒரு படிப்பாகவோ வேலையாகவோ யாரும் மதித்ததில்லை. விருந்துகளில் சொல்லிச் சிரிக்க மட்டும் பயன்பட்டது. "எங்கூட்டு மருமவ ஆமைக்கு ஊசி போட்டவ" என்று மாமியார் சொல்லுவாள். சொந்தங்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

"எப்ப வந்துச்சுங்க மாமா?"

"நீ ஊருக்குப் போன மூணாம் நாளு. இருவத்தாறு நாளாச்சு. மீன் ஏவாரி ஒருத்தன் கொண்டாந்து குடுத்தான். நம்மகிட்ட துணி வாங்கற வெளிநாட்டு பையர் வர்றாங்கல்லோ, அவங்க புதுக் கலெக்‌ஷனே கடல், ஆமை, மீனுதான். கொழந்தைங்க சட்டை. வந்து எறங்குன ஒடனே நேரா இங்க கூட்டியாந்து காட்டிப்போடலாம்னு."

பின்னால் அவள் கணவன் அருண்குமார் நின்றிருந்தான். இந்த இருபத்தாறு நாளும் சாயங்காலம் தவறாமல் அவளுக்கு ஃபோன் செய்தவன். சாப்பிட்டியா, தூங்கினியா, மழை பெய்யுதா என்று எல்லாவற்றையும் கேட்டவன். கூடத்தில் ஒரு கடலாமை செத்துக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் சொல்லாதவன்.

"அப்பா சர்ப்ரைஸ்னு சொன்னாரு" என்றான் அவன், தரையைப் பார்த்து.

தமிழ்மதி கிளினிக் பையிலிருந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் கைவிட்டாள்.

பேராமை இனத்துக் கடலாமைக் குஞ்சு. சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. தூக்கியபோது அது துடுப்பைக்கூட அடிக்கவில்லை. இந்த வயதுப் பேராமையைத் தூக்கினால் கை வலிக்கும்படி அறையும். இது ஈரத்துணி போல் கிடந்தது. வயிற்றோடு கழுத்துவரை சிவந்து போயிருந்தது. முன் துடுப்பில் வலை அறுத்த பழைய காயம். அதன் ஓரமெல்லாம் வெளுத்து, அழுகி, நாற்றமடித்தது. வாயின் ஓரத்தில் பன்னீர்க்கட்டி போல் மஞ்சளாக ஏதோ திரண்டிருந்தது. கண்கள் உள்ளே போயிருந்தன. மூச்சுவிடத் தலையைத் தூக்கியபோது மூக்கில் சளிக்குமிழ் வெடித்தது.

"நுரையீரல்ல சளி கட்டியிருக்கு. அதனாலதான் சாஞ்சு மிதக்குது. ரத்தத்துலயும் கிருமி ஏறியிருக்கும்னு தோணுது. மூணு நாளைக்குள்ள மையத்துக்குக் கொண்டுபோகலீன்னா இது பொழைக்காதுங்க மாமா."

"அட, அது ரெஸ்ட் எடுக்குது கண்ணு" என்றார் மகுடேஸ்வரன். "நித்தீஷ் நேத்துக்கூட பாத்துட்டுப் போனான்."

நித்தீஷ் என்பவன் தொட்டிக்கு ஆலோசகன். பெரிய வீடுகளில் வாஸ்து மீன் விடுவது அவன் தொழில். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் முதல் நாள் அழுதபோது, அந்தப் பழமொழி தரையாமைக்கு மட்டும்தான், கடலாமைக்கு ஈசானிய மூலையே சொந்தம் என்று சொல்லி அவள் கண்ணீரைத் துடைத்தவன் அவன். இந்த வீட்டில் இதற்குப் பெயர் அறிவு. மகுடேஸ்வரன் கூப்பிட்டதும் பத்து நிமிடத்தில் வாசனைத் திரவியத்தோடு வந்து நின்றான்.

"மேம், வாட்டர் குவாலிட்டி பர்ஃபெக்ட். நீங்களே பாருங்க." பேனா போன்ற ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கிக் காட்டினான். "டிடிஎஸ் முப்பத்தஞ்சாயிரம். கடல் கணக்குக்குச் சரி."

திருப்பூரில் டிடிஎஸ் தெரியாத குழந்தை கிடையாது. சாயத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து அளந்தே இந்த ஊர் வயதாகிவிட்டது. சம்பந்தம் பேசப் போனாலும் அந்த ஊர்த் தண்ணிக்கு டிடிஎஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் பொண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண் சரியாக இருந்தால் உலகமே சரியாக இருக்கிறது என்று இங்கே ஒரு நம்பிக்கை.

"அது எந்த உப்பு?" என்றாள் தமிழ்மதி.

"சால்ட்டுங்க மேம்."

"எந்த சால்ட்டு?"

"சால்ட்னா சால்ட்தானுங்க."

மகுடேஸ்வரன் பெருமையாகச் சிரித்தார். "நம்ம டையிங்ல இல்லாத உப்பா கண்ணு? கியாசுதீனுக்கு ஃபோன் போட்டேன். மூணு மூட்டை எறக்கிட்டான்."

தமிழ்மதி அப்போதே, சாயப்பட்டறையின் டையிங் மாஸ்டர் கியாசுதீனை ஃபோனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் டாக்டரம்மா. ஊருக்குப் போயிட்டு நல்லா வந்தீங்களா?"

"வந்துட்டேனுங்க பாய். ஊட்டுக்கு மூணு மூட்டை சால்ட் அனுப்பினீங்களே, சாப்பாட்டு உப்பா?"

"சாப்பாட்டு உப்பா? டையிங்ல அதெதுக்குங்க? கிளாபர் சால்ட். சாயம் துணியில ஏறப் போடுவோமே, அது. ஐயா சால்ட்னாரு, சாம்பிள் மெஷினுக்காக்கும்னு நெனச்சு ஏத்தி உட்டேன். ஏனுங்க, கலர் ஏறலீங்களா?"

"ஆமை மேல நல்லா ஏறியிருக்குங்க பாய். வயிறு பூரா செவப்பு."

"ஆமையா?" என்றார் கியாசுதீன். "யா அல்லா. நல்ல வேளை, சோடா ஆஷ் கேக்காம உட்டாரே, தோலே உரிஞ்சிருக்கும்."

தமிழ்மதி ஃபோனை வைத்துவிட்டு மாமனாரைப் பார்த்தாள். "கடலாமை கடல் தண்ணியைத்தான் குடிக்கும் மாமா. அந்த உப்பைக் கண் வழியா வெளிய தள்ளிரும். நீங்க போட்டிருக்கிறது வேற உப்பு. அந்தக் காலத்துல வயித்தைச் சுத்தம் பண்ணக் குடுத்த பேதி மருந்துங்க இது. இருவத்தாறு நாளா நீங்க இதுக்குப் பேதிக்குக் குடுத்துட்டு இருக்கீங்க. ஒடம்புல தண்ணி இல்ல, தெம்பு இல்ல. சும்மா தண்ணியில கெடக்கிற கிருமிகூட இப்ப இதுமேல ஏறி உக்காந்திருச்சு."

"டிடிஎஸ் சரியாத்தான..." என்று நித்தீஷ் ஆரம்பித்தான்.

"விஷத்துக்கும் எடை சரியாத்தான் இருக்கும் தம்பி."

அவள் யாரையும் கேட்கவில்லை. மளிகைக் கடையிலிருந்து கல் உப்பு வரவழைத்து, பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அளந்து கரைத்தாள். இது முழுக் கடல் ஆகாது. இரண்டு நாளைக்கு உயிரைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். காயத்தை நீர்த்த அயோடின் மருந்தால் கழுவினாள். எந்தக் கிருமி என்று தெரியாமல் ஊசி போட அவள் கை போகவில்லை. சோதித்துப் பார்க்க வேண்டும், படம் எடுக்க வேண்டும், திரவம் ஏற்ற வேண்டும். அதற்கெல்லாம் அது கடற்கரைக்குப் போயாக வேண்டும். போவதற்கு ஒரே வழி, வனத்துறைக்குச் சொல்வது. ஏனென்றால் கடலாமையை வீட்டில் வைத்திருப்பது புலியை வீட்டில் வைத்திருப்பதற்குச் சமமான குற்றம்.

அதைச் சொன்னபோது, "பையர் வர்றதுக்கு இன்னும் பத்து நாளு" என்றார் மகுடேஸ்வரன். "அது வரைக்கும் ஓட்டிக் குடு கண்ணு. பொறவு நீ கடல்ல உடு, காட்டுல உடு."

"பத்து நாள் தாங்காதுங்க மாமா."

"தாங்கலீன்னா வேற ஒண்ணு வாங்கிக்கலாம் போ."

அன்று சாயங்காலம் மாடியில் அருண் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கோபமா?"

அவர்கள் காதல் ஆரம்பித்ததே ஒரு திட்டில்தான். உண்ணிக் காய்ச்சல் முற்றிய பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு அவள் கிளினிக்குக்கு வந்த அருணை, பத்துப் பேர் முன்னால் அவள் வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டு, மறுநாள் முதல் நேரம் தவறாமல் நாயைக் கொண்டுவந்தான். ஊசி போடும்போது அதன் காதில் ஏதோ பேசிக்கொண்டிருப்பான். அந்தப் பேச்சில்தான் அவள் விழுந்தாள். நாய்க்குப் பேசத் தெரிந்தவன் அப்பாவிடம் பேசத் தெரியாதவன் என்பது கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

"அந்த நாய்க்குக் காது இருந்துச்சு, பேசினீங்க. இதுக்குக் காது வெளிய தெரியலீங்கறதால உட்டுட்டீங்களா?"

"அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியும்ல தமிழு. பாத்துக்கலாம்."

"தெரியும். உங்களைப் பத்தித்தான் தெரியாம இருந்தேன்."

அவன் எழுந்து போய்விட்டான். மறுநாள் சாயங்காலம் வரை பார்ப்பது, அவன் பேசாவிட்டால் தானே வனத்துறையை அழைப்பது என்று அவள் முடிவெடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் அவள் கிளினிக்கிலிருந்து வந்தபோது, ஆமை மறுபடியும் கண்ணாடித் தொட்டியில் இருந்தது. நித்தீஷ் ஒரு பொட்டலத்தைப் பிரித்து வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தான். கோழிப் பண்ணைகளில் தீவனத்தோடு கலக்கும் மருந்து.

"ஆன்டிபயாட்டிக் மேம். நீங்க கிருமின்னு சொன்னீங்கல்ல? காலை, மதியம், சாயங்காலம் மூணு வேளை."

தமிழ்மதிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "ஊர்ல ஒருத்தனுக்குக் காய்ச்சல்னா வாட்டர் டேங்குல மாத்திரையைக் கரைப்பியா நீயி? கிருமி நுரையீரல்ல இருக்கு. மருந்தைத் தண்ணியில கொட்டினா கிருமி சாவாது, கத்துக்கும். அடுத்த மருந்துக்கும் அசையாது. ஆமைக்கு ரத்தம் மெதுவா ஓடும். சில மருந்தை மூணு நாளைக்கு ஒரு தடவை போட்டாப் போதும். அதுவும் முன்பக்கத்துலதான் ஊசி போடணும், பின்பக்கம் போட்டா மருந்து நேரா சிறுநீரகத்துக்குப் போயிரும்னு ஒரு பயம் உண்டு. இதெல்லாம் யாராச்சும் சொல்லிக் குடுத்தாங்களா, இல்ல மீனே சொல்லுச்சா?"

"என்னைய இன்சல்ட் பண்றாங்க சார்" என்றான் நித்தீஷ்.

"உடு கண்ணு, அவனும் படிச்சவன்தான்" என்று மகுடேஸ்வரன் எழுந்து வந்தார். பக்கத்து வீட்டு ஒறம்பரை இருவர் ஆமையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்களுக்குக் காட்ட, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெறும் கையால் ஆமையைத் தூக்கினார். "பாருங்க, எப்படிச் சாதுவா இருக்குது!"

ஆமையைப் பார்க்க வேண்டிய தமிழ்மதி அவர் கையைப் பார்த்தாள். வலது மோதிர விரல் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. மோதிரம் இல்லை. விரலிலிருந்து மணிக்கட்டு வரை தோலுக்குக் கீழே இரண்டு, மூன்று உருண்டைகள் வரிசையாக எழும்பியிருந்தன.

"இதென்னங்க மாமா?"

"அட்டைப்பெட்டி பிரிக்கறப்ப பிளேடு பட்டுச்சு. ஆறவே மாட்டேங்குது. மஞ்சள் வெச்சேன். டாக்டரும் ரெண்டு தடவை மாத்திரை மாத்திட்டாரு."

"பிளேடு பட்ட கையோடதான் தினமும் தொட்டியில கை உட்டீங்களா?"

"பொறவு? என் ஊட்டு ஆமை."

"டாக்டர்கிட்ட ஆமைத் தொட்டின்னு சொன்னீங்களா?"

மகுடேஸ்வரன் ஒறம்பரையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அதெப்படிச் சொல்றது? கேஸ் ஆயிருமல்லோ. முள்ளு குத்திருச்சுன்னு சொன்னேன்."

கேஸ் ஆகும் என்று அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. அறியாமை என்றால்கூட தமிழ்மதி மன்னித்திருப்பாள். தெரிந்து செய்துவிட்டு முள்ளின்மேல் பழி போட்டவரை அவள் ஒரு முழு நிமிடம் பார்த்தாள். வீட்டுப் பெரியவரை மருமகள் பார்க்கும் பார்வையாக அது இல்லை.

"முள்ளுக்கு வைத்தியம் பார்த்தா முள்ளுக்குத்தான் ஆறும். இது ஆமைத் தண்ணியில இருந்து மனுசனுக்கு ஏறுற கிருமியா இருக்கலாம். காசநோய்க் கிருமிக்குச் சொந்தம். மெதுவா வளரும், சாதாரண மாத்திரைக்கு அடங்காது. உங்களுக்குச் சக்கரை வேற. இன்னைக்கே போய் டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. ஆமைக்கு மையத்துல சோதிச்சு என்ன கிருமின்னு சொன்னாங்கன்னா, அதையும் உங்க டாக்டருக்கு அனுப்பலாம்."

"வெரல் போயிருமா கண்ணு?"

முதல்முறையாக அவர் குரலில் பயம் இருந்தது. இருபத்தேழு நாளாகத் தொட்டியில் ஒரு உயிர் போய்க்கொண்டிருந்தபோது வராத பயம், ஒரு விரலுக்கு வந்தது.

"எனக்குத் தெரியாதுங்க மாமா. நான் மாட்டு டாக்டர்."

ஒறம்பரை மெல்ல நழுவினார்கள். நித்தீஷ் தன் கைகளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே மீட்டரைக்கூட எடுக்காமல் போனான்.

மகுடேஸ்வரன் சோபாவில் உட்கார்ந்து யோசித்தார். "சரி, அனுப்பீரலாம். ஆனா கரையோரம் அடிபட்டுக் கெடந்துச்சு, நாங்க காப்பாத்தினோம்னு சொல்லீரோணும். பேப்பர்லயும் அப்படியே வந்துரும்."

"வேலம்பாளையத்துல ஏதுங்க மாமா கரை? நொய்யல்ல நீந்தி வந்துச்சுன்னு சொல்றதா?"

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லலாம். அருணு, நீ பேசு. உனக்குத்தான் பதனமா பேச வரும்."

அருண் ஃபோனை எடுத்தான். வனத்துறை எண் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. நேற்றைக்கே தேடி வைத்திருக்கிறான், அழைக்கத்தான் துணிவில்லை. இப்போது கூடத்தின் நடுவில் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான்.

"எங்க ஊட்ல ஒரு கடலாமை இருக்குதுங்க. வேலம்பாளையம். இல்லீங்க, எங்கயும் கெடந்து எடுக்கல. எங்கப்பா ஒரு மீன் ஏவாரிகிட்ட வாங்கினாரு. இருவத்தேழு நாளாச்சு. நெம்ப மோசமா இருக்குது. இவ டாக்டர், கூடவே இருக்கா. சீக்கிரம் வாங்க."

"டேய்!" என்றார் மகுடேஸ்வரன்.

"உங்க டாக்டருக்கும் இப்ப போன் போடறேனுங்கப்பா" என்றான் அருண். அப்பாவைப் பார்க்காமல் எண்ணைத் தட்டினான்.

வனத்துறையினர் நான்கு மணிக்கு வந்தார்கள். வாக்குமூலம் எழுதினார்கள். வழக்கு உண்டு, கோர்ட்டுக்கு வர வேண்டியிருக்கும், தானாகக் கூப்பிட்டுச் சொன்னதையும் எழுதியிருக்கிறோம் என்றார் அதிகாரி. மகுடேஸ்வரன் இடது கையால் கையெழுத்துப் போட்டார். தனக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். அதிகாரி எல்லாவற்றுக்கும் "சரிங்க" என்று சொல்லிவிட்டு, "முழுப் பேரு, வயசு?" என்று கேட்டார்.

ஆமையை ஈர ஸ்பாஞ்சின் மேல் வைத்து, நனைத்த பனியன் துணியால் முதுகு ஓட்டை மூடி, மூக்கை மட்டும் வெளியே விட்டு ஜீப்பில் ஏற்றினார்கள். தமிழ்மதி பக்கத்தில் உட்கார்ந்தாள். அருண் ஒரு வாளித் தண்ணீரோடு பின்னால் ஏறினான்.

"நீங்க எதுக்கு?"

"துணி காயக் கூடாதுன்னு சொன்னியே."

கடற்கரை வரை அவன் கால் மணிக்கு ஒரு தடவை துணியை நனைத்தான். ஒட்டன்சத்திரம் தாண்டியதும், நாய்க்குப் பேசியது போலவே, குனிந்து ஆமையிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். தமிழ்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

மையத்தில் படம் எடுத்தார்கள். வலது நுரையீரல் வெள்ளையாக இருந்தது. வாயிலிருந்த கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். திரவம் ஏற்றினார்கள். தனித் தொட்டியில் விட்டார்கள். அதற்கென்று தனி வலை, தனி வாளி, தனிக் கையுறை. நான்காம் நாள் சோதனை முடிவு வந்தது. நுரையீரலில் இரண்டு வகைக் கிருமிகள். கோழி மருந்துக்கு இரண்டுமே அசையவில்லை. அசைகிற மருந்து ஒன்று இருந்தது. மூன்று நாளுக்கு ஒரு ஊசி, தோள்பட்டையில். மாமனார் விரலில் ஏறியிருக்கலாம் என்ற கிருமி ஆமையிடமும் இருக்கிறதா என்பது மட்டும், அது மெதுவாக வளர்வதால், தெரிய வர இன்னும் வாரங்கள் ஆகும் என்றார்கள். அருண் ஊர் திரும்ப, தமிழ்மதி கிளினிக்கை ஒரு தோழியிடம் ஒப்படைத்துவிட்டு அங்கேயே தங்கினாள். ஆமை சாய்ந்தே மிதந்தது. கணவாய்த் துண்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஏழாம் நாள் ஒரு துண்டைத் தின்றது. ஆனாலும் சாய்ந்துதான் மிதந்தது.

பையர் வந்துபோன அன்று மதியம் அருண் ஃபோன் செய்தான். தமிழ்மதி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தம்மா கண்ணாடித் தொட்டி ஏன் காலியா இருக்குதுன்னு கேட்டாங்க. அப்பா ஃபேஷன்னாரு. நான் நடந்ததைச் சொல்லிட்டேன். மொகமே மாறிருச்சு. ஆமைப் படம் போட்ட ஆர்டர் பூராத்தையும் நிறுத்தி வெச்சிருக்காங்க. அப்பா என்கூடப் பேசறதில்ல. ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்னையத்தான் கூட்டிட்டுப் போவச் சொல்றாரு. தமிழு, கேக்குதா? நான் பண்ணினது..."

தொட்டியில் ஆமை தலையை நீட்டி ஒரு மூச்சை இழுத்தது. முன் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து விரிந்தன. இடப்பக்கம் தூக்கியிருந்த ஓடு மெல்லச் சமமாகி, தண்ணீருக்குள் அமிழ்ந்தது.

"இருங்க, அப்புறம் பேசறேன்" என்று தமிழ்மதி ஃபோனை அணைத்தாள்.

ஆமை முதல்முறையாகச் சாயாமல் அடியில் போய் உட்கார்ந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்து, அது எத்தனை நிமிடம் கீழே தங்குகிறது என்று எண்ண ஆரம்பித்தாள்.